கண்டதை எழுதிய பல்லாஸ்

சைபீரியாவின் நடுவே ஓடும் யெனிசே ஆற்றின் மேற்பகுதிக்கு அணித்தாகக் காடடர்ந்த மலைத்தொடர் ஒன்றுண்டு. 1749ஆம் ஆண்டிலே, இரும்புத்தாது தேடிச் சென்ற சுரங்க அலுவலர் ஒருவருக்கு வழித்துணையாய் அம்மலைமேல் ஏறிய யாக்கோவ் மெத்வேதெவ் என்னும் கொல்லர், அதன் முகட்டிலே தனித்துக் கிடந்த பெரியதோர் இரும்புப் பிண்டத்தைக் கண்டார். அதன் நிறை ஏறத்தாழ 700 கிலோகிராம். தட்டியபோது அது கணீரென ஒலித்தது. உடைத்த இடம் வெண்மையாய் மின்னியது. இரும்பினும் உயர்ந்த உலோகம் ஏதேனும் அதனுள் இருத்தல் கூடும் என்று எண்ணிய அக்கொல்லர், பெருமுயற்சி செய்து அதனைத் தம் கிராமத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அங்கே அது இருபது ஆண்டுகளுக்கு மேலாக எவரும் பொருட்படுத்தாமற் கிடந்தது. அவ்வட்டாரத்துத் தாத்தார் மக்கள் மட்டும் அது வானினின்றும் விழுந்தது என்று கூறி அதனைப் புனிதமாகக் கருதினர். கற்றோர் எவரும் அக்காலத்தில் அதனை நம்பியிரார். வானத்திலே கல்லும் இரும்பும் இல்லை, ஆகவே அவை அங்கிருந்து விழுதலும் இல்லை என்பதே ஐரோப்பியக் கலைக்கழகங்களின் துணிபாயிருந்தது.

அப்பிண்டத்தை அறிவுலகத்தின் கண்முன் கொணர்ந்தவர் யேர்மானிய அறிஞர் பீற்றர் சைமன் பல்லாஸ். இயற்கை நூலாராகவும் புவிச்சரிதவியலாராகவும் பதினெட்டாம் நூற்றாண்டில் விளங்கிய இவருடைய பெயர், வேர்னர், ஹம்போல்ற் முதலாய அவர்தம் நாட்டவரின் பெயர்களைப்போல மாணவரிடையே வழங்குவதில்லை. இதற்குக் காரணம் தேடுவது அரிதன்று. ஒரு பெருங் கொள்கையை நிறுவி அதனோடு தம் பெயரைப் பிணைத்தவரை வரலாறு எளிதில் நினைவு கூருகின்றது. பல்லாசும் கொள்கைகள் சில உரைத்தவரே; ஆனால் அவற்றுட் பெரும்பாலன நிலைக்கவில்லை. நிலைத்தவை அவர் கண்ணாற் கண்டு, கையால் அளந்து, பயண நாட்குறிப்பிலே பதிந்துவைத்த செய்திகளே. அவற்றின் பொருளைப் பிற்காலத்தவர் சிலர் கண்டனர், அவர் கண்டிலர். எனினும் அவர் எழுதிவைத்திராவிடில் அவர்களும் கண்டிரார்.

பல்லாஸ் 1741ஆம் ஆண்டு செப்ரெம்பர் 22ஆம் நாள் பேர்லின் நகரிலே பிறந்தார். தந்தையார் அந்நகரில் அறுவை மருத்துவப் பேராசிரியராயிருந்தவர். தாயார் பிரெஞ்சு வழியினர். மகனையும் மருத்துவராக்கவே தந்தையார் விரும்பினார். இலத்தீனும் பிரெஞ்சும் ஆங்கிலமும் இளமையிலேயே கைவந்த அம்மாணவர் ஹாலே, கேற்றிங்கன் ஆகிய பல்கலைக்கழகங்களிற் பயின்றபின் ஒல்லாந்து நாட்டின் லெய்டன் நகருக்குச் சென்று, 1760இல், தம் பத்தொன்பதாம் வயதிலே, மருத்துவக் கலாநிதிப் பட்டம் பெற்றார். பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் உயிர்களின் குடலுள் வாழும் புழுக்கள். மருத்துவப் பட்டத்துக்கு ஏற்ற பொருள்தான். எனினும் அவரை ஈர்த்தது நோயன்று, புழுவே. பட்டம் பெற்றபின் அவர் மருத்துவத் தொழிலை நாடாது இலண்டனிலும் ஒல்லாந்திலும் இருந்த அருங்காட்சிச் சேகரிப்புகளை நாடித் திரிந்தார். 1764இல் இலண்டன் வேத்தியற் கழகம் அவரைத் தன் உறுப்பினராக்கிக்கொண்டது. அப்பொழுது அவருக்கு அகவை இருபத்திரண்டே.

1766இல் ஒல்லாந்தின் ஹேக் நகரிலே அவர் வெளியிட்ட நூலொன்று பவளப்பூச்சி முதலாய தாழ்நிலைக் கடலுயிர்களைப் பற்றியது. அக்காலத்து இயற்கை நூலார் உயிர்களையெல்லாம் ஓர் ஏணியின் படிகளாக, கீழே கல்லும் மேலே மனிதனுமாக, ஒரே நேர்கோட்டில் அடுக்கிக் காட்டுதல் வழக்கம். அந்த அடுக்கு உண்மைக்குப் பொருந்தாது என்று கண்ட பல்லாஸ், உயிரினங்களின் உறவைக் காட்டுதற்கு ஏணியினும் மரமே தக்க உவமை என்று அந்நூலில் எழுதினார். அடியிலேயே விலங்கென்றும் தாவரமென்றும் பிரிந்து, மேலும் மேலும் கிளைவிட்டுச் செல்லும் மரம் அது. ஓரினம் மற்றோரினமாய் மாறிற்று என்று அவர் கூறினாரல்லர். ஒரு நூற்றாண்டின்பின் டார்வின் கையில் அவ்வுவமை பெற்ற பொருள் வேறு. எனினும், இருபத்தைந்து வயது நிரம்பாத ஒருவர் வழிவழி வந்த ஏணியை ஒதுக்கிவிட்டுக் கண்ட உறவுக்கு ஏற்ற உருவைத் தேடினார் என்பது அவருடைய மனப்பாங்கைக் காட்டுகின்றது.

அடுத்த ஆண்டிலே இரசியப் பேரரசி இரண்டாங் கத்தரீனின் அழைப்பு வந்தது. சென்ற் பீற்றர்ஸ்பேர்க் நகர அறிவியற் கழகத்தில் இயற்கை வரலாற்றுப் பேராசிரியர் பதவியை ஏற்றுப் பல்லாஸ் 1767இல் அந்நகரை அடைந்தார். அப்பொழுது அங்கே பெரியதொரு முயற்சிக்கு ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. 1769ஆம் ஆண்டு வெள்ளிக்கோள் சூரியனைக் கடந்து செல்வதை நோக்குதற்கு வானநூலாரைப் பேரரசின் பல பகுதிகளுக்கும் அனுப்ப வேண்டியிருந்தது. அவர்களோடு இயற்கை நூலாரையும் அனுப்பி, நாட்டின் மண், நீர், தாது, செடி, விலங்கு, குடிகள் ஆகிய அனைத்தையும் ஆராய்ந்து வரச் செய்தல் வேண்டுமென்பது பேரரசியின் விருப்பம். இதிலே அறிவுவேட்கை மட்டும் இருந்தது என்று கூறுதல் பொருந்தாது. எங்கே இரும்பும் செம்பும் கிடைக்கும், எந்த நிலத்திலே குடியேற்றம் செய்யலாம், எல்லைப்புற மக்கள் எத்தகையோர் என்பன அரசுக்கு வேண்டிய செய்திகள். பல்லாசின் ஏடுகள் அத்தேவைக்கும் பயன்பட்டன.

1768ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அவர் புறப்பட்டார். மாணவர் சிலரும் ஓவியர் ஒருவரும் உடன் சென்றனர். வொல்கா ஆற்றைத் தொடர்ந்து சென்று, ஒரன்பேர்க் வழியாகக் கஸ்பியன் கடலின் வடகரையை அடைந்து, யூரல் மலைகளிலே சுரங்கம் சுரங்கமாகப் பார்த்து, அல்தாய் மலையடிவாரம் சென்று, யெனிசே ஆற்றங்கரையிலுள்ள கிராஸ்னோயார்ஸ்க் நகரை எய்தி, அங்கிருந்து உறைந்துகிடந்த பைக்கால் ஏரியைக் கடந்து சீன எல்லைவரை சென்று மீண்டார். ஆறாண்டுகள் நீடித்த பயணம் அது. கோடையெல்லாம் வழிச்செலவு, குளிர்காலத்திலே ஏதேனும் ஓர் ஊரில் தங்கி எழுத்து வேலை. எழுதியவற்றை அவ்வப்போது தலைநகருக்கு அனுப்பியமையால், அவர் சைபீரியாவிற் சுற்றிக்கொண்டிருந்தபோதே, 1771இல், பயணநூலின் முதற்பாகம் அச்சேறிவிட்டது. பயணநூலுக்கு வேண்டிய முதற் சிறப்பு நம்பத்தகுதியே என்பது அவர் கொள்கை; ஆதலால் சுவை கூட்டுதற்பொருட்டு எதனையும் சேர்க்காது, அன்றன்று கண்டவற்றை அந்தந்த வரிசையிலேயே எழுதினார். அதனைப் படிப்போருக்குச் சில இடங்கள் சலிப்பூட்டுதல் உண்மையே. உப்பேரி ஒன்றன்பின் ஒன்றாக, சுரங்கம் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டேயிருக்கும். ஆனால் அச்சலிப்பூட்டும் பக்கங்களே பின்வந்த ஆராய்ச்சியாளருக்குப் பொக்கிஷமாயின.

குளிரின் கொடுமைக்கு ஒரு சான்று போதும். 1772 டிசெம்பரிலே கிராஸ்னோயார்ஸ்க்கில் அவர் தங்கியிருந்தபோது, திறந்த கிண்ணமொன்றில் ஊற்றி வெளியே வைத்த பாதரசம் வெள்ளீயம்போலக் கட்டியாகி, வளைக்கத்தக்க உலோகமாயிற்று. பாதரசம் உறைவதற்குச் சதம அளவையிற் பூச்சியத்தின் கீழ் ஏறக்குறைய 39 பாகை குளிர் வேண்டும். 1759இல் பீற்றர்ஸ்பேர்க்கிலே பிறவுன் என்பார் பனியோடு அமிலம் கலந்து செயற்கை முறையால் அதனை உறையச் செய்திருந்தார். காற்றின் குளிர் ஒன்றினாலேயே அது உறைவதைக் கண்டு பல்லாஸ் பதிவு செய்தார். உறைந்த பாதரசத்தை ஆராயும் ஆவலிலே குளிரைப்பற்றி முறையிட மறந்தார் போலும்.

உடன் அனுப்பப்பட்ட குழுவினர் பலர் மீளவில்லை. சாமுவேல் கொத்லீப் கிமெலின், கஸ்பியன் கரையிலே குறுநில மன்னன் ஒருவனாற் சிறைப்பிடிக்கப்பட்டு 1774இல் சிறையிலேயே இறந்தார். பால்க் என்பவர் நோயாலும் மனத்தளர்ச்சியாலும் வாடி அவ்வாண்டே கசான் நகரில் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வானநூலார் லோவிற்ஸ், புகாச்சேவின் கிளர்ச்சிப் படையினர் கையிற் கொலையுண்டார். பல்லாஸ் அதே ஆண்டு யூலையில் தலைநகர் திரும்பினார். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்திரண்டு. தலைமயிர் நரைத்து, உடல் தளர்ந்து, கண்ணொளியும் குறைந்திருந்தது.

அவர் ஏடுகளிற் பதிந்த செய்திகளுள் மிக்க புகழ்பெற்றது விலூய் ஆற்றங்கரைக் காண்டாமிருகம். 1771 டிசெம்பரிலே யாக்கூத் வேடர் சிலர், லேனா ஆற்றின் கிளையாகிய விலூயின் மணற்கரையிலே பாதி புதைந்து கிடந்த பெரிய விலங்கின் உடலைக் கண்டனர். உடலின் பெரும்பகுதி அழுகிவிட்டமையால் தலையும் கால்களுமே இர்க்குட்ஸ்க் நகருக்கு அனுப்பப்பட்டன. அடுத்த மார்ச்சு மாதம் அங்கே சென்ற பல்லாஸ் அவற்றைக் கண்டு வியந்தார். தோல், தசைநார், கண்ணிமை, மயிர் யாவும் அழியாதிருந்தன. சைபீரியாவிலே யானைத் தந்தமும் எலும்பும் நிலத்திலிருந்து கிடைத்தல் முன்னரே அறியப்பட்டிருந்தது. ஆனால் வெப்பநாட்டு விலங்கென்று எல்லாரும் கருதிய காண்டாமிருகம் தோலோடும் தசையோடும் உறைநிலத்திலே கிடந்தமை எவ்வாறு?

இவ்வினாவுக்கு அவர் விடை கூறியபொழுதுதான் அவருடைய இரு முகங்களும் தோன்றுகின்றன. கொள்கை வகுத்த பல்லாஸ், தென்கடலிலே கடலடி எரிமலைகள் வெடித்தெழுந்தமையால் உண்டான பெருவெள்ளம் யானையையும் காண்டாமிருகத்தையும் வடக்கே அடித்துச் சென்று புதைத்தது என்றார். இன்று எவரும் அதனை ஏற்பதில்லை. கண்டதை எழுதிய பல்லாசோ, ஐரோப்பாவுக்குக் கொண்டுவரப்பட்ட எந்தக் காண்டாமிருகத்திலும் காணாத அளவு அடர்ந்த மயிர் அதன் தோலில் இருந்தமையைத் தவறாது குறித்தார். அவ்விலங்கு வெப்பநாட்டின் இனத்தினின்றும் வேறாகிக் குளிர் மிகுந்த நிலத்தில் வாழ்ந்தது ஆகலாமோ என்ற ஐயத்தையும் உடன் எழுதிவைத்தார். அவ்வையமே உண்மையாயிற்று. அது கம்பளிபோன்ற மயிர் போர்த்த தனி இனம். குளிர்ந்த புல்வெளிகளில் வாழ்ந்து, ஏறக்குறைய 14,000 ஆண்டுகளுக்கு முன் அற்றொழிந்தது. உலகில் ஒருகாலத்து வாழ்ந்த இனங்கள் அடியோடு அழிந்ததுண்டு என்பதைப் பிரெஞ்சு அறிஞர் கியூவியே நிலைநாட்டியபோது, பல்லாஸ் விரித்துரைத்த சைபீரிய எச்சங்கள் அவருக்குக் கைகொடுத்தன.

மலைகளின் ஆக்கம் பற்றி 1777ஆம் ஆண்டு யூன் மாதத்திலே அறிவியற் கழகத்தின் அவையில் அவர் ஆற்றிய உரை, புவிச்சரிதவியலின் தொடக்ககால ஆவணங்களுள் ஒன்று. சுவீடன் மன்னன் மூன்றாங் குஸ்தாவ் அவ்வவையில் வீற்றிருந்தான். மலைகள் எவ்வாறு தோன்றின என்பதுபற்றிப் பலரும் தத்தம் அறையிலிருந்தே நூல்கள் எழுதிக் குவித்த காலம் அது. பல்லாஸ் யூரல் மலையையும் அல்தாய் மலையையும் குறுக்கே கடந்து பார்த்தவர். மலைத்தொடரின் நடுவிலே உயர்ந்து நிற்பது கருங்கல். அதில் உயிர்ச்சுவடு எதுவும் இல்லை. அதன் இருமருங்கிலும் தகடுதகடாய்ப் பிளக்கும் பாறைகள் சாய்ந்து நிற்கின்றன. அவற்றுக்குப் புறத்தே சுண்ணக்கல். அதிலே கிளிஞ்சலும் பவளமும் நிறைந்துள்ளன. அதற்கும் புறத்தே, தாழ்ந்த குன்றுகளாய், மணற்கல்லும் களியும். அவற்றிலே மரத்துண்டுகளும் தரைவிலங்கின் எலும்புகளும் உள. உள்ளிருந்து புறமாகச் செல்லச் செல்லப் பழமை குறைந்து புதுமை மிகுகின்றது என்பதே இதன் கருத்து. பாறைகளின் கிடக்கை வரிசையைக் கொண்டே அவற்றின் கால வரிசையை அறியலாம் என்பதைப் பரந்த இரு மலைத்தொடர்களின் சான்றோடு அவர் காட்டினார். யேர்மனியிலே லேமன், இத்தாலியிலே ஆர்துவீனோ ஆகியோர் இதனையொத்த வரிசையைத் தத்தம் நாட்டு மலைகளில் முன்னரே கண்டிருந்தனர். ஆயினும் அவர்கள் கண்டது ஐரோப்பாவின் சிறு பகுதிகளுக்கே உரியதன்று என்பது பல்லாசின் உரையாலே தெளிவாயிற்று. பல்லாஸ் இறந்தபின் பாரிஸ் கழகத்திலே அவர் புகழ் உரைத்த கியூவியே, பழைய உலகத் தோற்றக் கதைகளினின்றும் புவிச்சரிதவியல் பிரிந்து தனித்துறையாவதற்கு இவ்வுரை வழிகோலிற்று எனப் பாராட்டினார்.

இங்கும் ஒரு குறை உண்டு. கருங்கல் எப்பொழுதும் மிகப் பழமையானது என்று அவர் கொண்டது தவறு. உருகிய குழம்பாய்க் கீழிருந்து எழுந்து, தன்னிலும் பழைய பாறைகளை ஊடறுத்து இறுகிய கருங்கல்லும் உண்டென்பது பின்னரே புலப்பட்டது. அவர் வரைந்த கிடக்கை வரிசை மட்டும் பிழைபடவில்லை.

கஸ்பியன் கடல் பற்றிய அவருடைய ஆராய்ச்சி இன்னும் தெளிவானது. அக்கடலுக்கு வடக்கே, நீரே காணாத வறண்ட புல்வெளியிலே, கரையினின்றும் நெடுந்தொலைவில், கடற்கிளிஞ்சல்கள் பரந்து கிடந்தன; நிலம் உவர்மண்ணாயிருந்தது; உயர்ந்த மேட்டு நிலத்தின் விளிம்பு பழைய கடற்கரைபோல் வளைந்து சென்றது. இவற்றையெல்லாம் ஒருங்கு நோக்கி, கஸ்பியன் கடல் ஒருகாலத்தில் மிகப் பரந்திருந்தது, மானிச் என்னும் பள்ளத்தாக்கின் வழியாகக் கருங்கடலோடு கூடியிருந்தது என்று அவர் முடிவு செய்தார். இம்முடிவு பெரும்பாலும் சரியென்றே பிற்கால ஆய்வுகள் காட்டின. இதற்கு அவர் எரிமலையையும் பெருவெள்ளத்தையும் துணைக்கு அழைக்கவில்லை. காலடியிற் கிடந்த கிளிஞ்சலே போதுமானதாயிற்று.

மெத்வேதெவின் இரும்புப் பிண்டத்தையும் அவர் இவ்வாறே ஆராய்ந்தார். கிராஸ்னோயார்ஸ்க்கில் தங்கியிருந்த காலத்தில் அதன் துண்டொன்று அவர் கைக்கு எட்டியது. கடற்பஞ்சுபோலத் துளைகள் நிறைந்த இரும்பு. துளைதோறும் பொன்மஞ்சள் நிறமான கண்ணாடிபோன்ற மணிகள். இத்தகையதை அவர் எந்தச் சுரங்கத்திலும் கண்டதில்லை. பழங்காலத்தார் உலையிலே உருக்கிய இரும்பாகுமோ எனின், அப்பகுதியிலே காணப்பட்ட பழைய உலைகள் மிகச் சிறியன. இத்துணைப் பெரும் பிண்டத்தை உருக்கத்தக்க உலையின் சுவடோ, உலைக் கசடோ மலைமுகட்டில் இல்லை. மலைப்பாறையிலே விளைந்த இரும்பும் அன்று. சுற்றிலுமுள்ள பாறையோடு அதற்கு ஒட்டில்லை. ஆகவே இது மனிதன் செய்ததன்று, இயற்கையின் ஆக்கமே என்று 1776இல் வெளியான பயணநூலின் மூன்றாம் பாகத்திலே எழுதினார். அதற்குமேல் அவர் செல்லவில்லை. வானினின்றும் வந்தது என்று அவர் கூறவில்லை. ஆனால் தாத்தார் மக்கள் அவ்வாறு கூறுகின்றனர் என்பதை மறைக்கவும் இல்லை. கல்லாதார் கூற்றென்று அதனை அவர் விட்டிருந்தால் எவரும் குறை சொல்லியிரார்.

அப்பிண்டம் தலைநகருக்குக் கொண்டுவரப்பட்டு, அதன் துண்டுகள் ஐரோப்பிய அறிஞர் பலருக்கும் கிடைத்தன. 1794இலே, கிளாத்னி என்னும் யேர்மானியப் பௌதிகவியலார், பல்லாஸ் கண்ட இரும்பையும் அதனையொத்த பிறவற்றையும் பற்றிச் சிறு நூலொன்று வெளியிட்டார். இரவிலே வானிற் பாயும் தீக்கோளங்களும் நிலத்திற் கிடக்கும் இத்தகைய இரும்புப் பிண்டங்களும் ஒரே பொருளின் இரு நிலைகள். இவை உலகத்துக்குப் புறத்தேயுள்ள வெளியினின்றும் வந்தன என்பது அந்நூலின் துணிபு. பலர் நகைத்தனர். ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் இத்தாலியிலும் இங்கிலாந்திலும், 1798இல் இந்தியாவின் காசிநகரை அடுத்தும், கல்மழை பெய்ததைப் பலர் கண்டனர். 1802இல் ஹோவார்ட் என்னும் ஆங்கில இரசாயனர் அக்கற்களையும் சைபீரிய இரும்பையும் பகுத்துப் பார்த்து, அனைத்திலும் நிக்கல் கலந்திருத்தலைக் காட்டினார். 1803இல் பிரான்சின் லேகிள் என்னும் ஊரிலே ஆயிரக்கணக்கான கற்கள் பட்டப்பகலில் விழ, பிரெஞ்சுக் கழகம் அனுப்பிய பியோ அதனை நேரிற் சென்று உறுதிப்படுத்தினார். அதன்பின் ஐயுறுவார் அரிதாயினர். இரும்பும் ஒலிவின் மணியும் கலந்த ஆகாயக்கல் வகைக்குப் பின்னர் பல்லாசின் பெயரையே இட்டனர். சிறுகோள்களின் உட்பகுதியிலே உருவான பொருள் அது என்பர் இக்காலத்தார். அவர் கண்ட பிண்டத்தின் பெரும்பகுதி மொஸ்கோ நகரிலே பேணப்படுகின்றது.

விலங்கியலார்க்குப் பல்லாஸ் வேறொரு வகையால் அறிமுகமானவர். மத்திய ஆசியாவின் பூனையினம் முதலாகப் பறவை, மீன், எலி எனப் பல உயிர்களை முதன்முதல் விவரித்துப் பெயரிட்டவர் அவரே. குளிர்காலத்தில் மன்னார், யாழ்ப்பாணக் கரைகளுக்கு வரும் கருந்தலையுடைய பெரிய கடற்காகமும் அவற்றுள் ஒன்று. கஸ்பியன் கடலிலே கண்டு 1773இல் அதற்கு அவர் இட்ட பெயரே விலங்கியல் நூல்களில் இன்றும் வழங்குகின்றது.

தலைநகர் மீண்டபின் அரசவையிலே அவருக்குச் செல்வாக்கு ஓங்கிற்று. பேரரசியின் பேரப்பிள்ளைகளுக்கு ஆசிரியரானார். பேரரசியின் ஆணைப்படி ஐரோப்பாவிலும் ஆசியாவிலுமுள்ள ஏறத்தாழ 200 மொழிகளின் சொற்களை ஒப்பிட்டு அகராதியொன்றைத் தொகுத்தார். மங்கோலிய மக்களைப் பற்றி நூல் எழுதினார். இரசியத் தாவரங்களைப் பற்றிய பெருநூலைத் தொடங்கினார். இவற்றுள் அகராதி வேலை அவருடைய உள்ளத்துக்கு உகந்ததெனக் கூறுதல் இயலாது. பிறர் அனுப்பிய பட்டியல்களைக் கொண்டு தொகுத்தமையால் அதிலே பிழைகள் மலிந்தன. தாமே காணாத பொருளைப் பற்றி எழுத நேர்ந்தபோது பல்லாசும் ஏனையோர்போலவே தடுமாறினார்.

1793-94இல் தென் இரசியாவுக்கும் கிரிமியாவுக்கும் அவர் மீண்டும் பயணஞ் செய்தார். கிரிமியாவின் வனப்பு அவரைக் கவர்ந்தது. பேரரசி அங்கே நிலமும் வீடும் வழங்க, 1795இலே சிம்பரபோல் நகரை அடுத்துக் குடியேறினார். ஆனால் வழிப்போக்கராய்க் கண்ட கிரிமியா வேறு. குடியிருந்து கண்ட கிரிமியா வேறு. காய்ச்சலும் ஈரக்காற்றும் உடலை வருத்தின. நிலவழக்குகள் மனத்தை வருத்தின. நூலகங்களும் அறிஞர் கூட்டமும் எட்டாத் தொலைவில் இருந்தன. திராட்சை வளர்ப்பும் எழுத்து வேலையுமாகப் பதினைந்து ஆண்டுகள் அங்கே கழித்தார். 1810இல் உடைமைகளை விற்றுவிட்டு, தாம் பிறந்த பேர்லின் நகருக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு செப்ரெம்பர் 8ஆம் நாள், எழுபதாம் வயது நிறைவதற்கு இரு வாரங்களே இருக்க, அங்கே உயிர் நீத்தார்.

கிரிமியாவிலே அவர் பெரிதும் உழைத்து எழுதியது, இரசியாவினதும் ஆசியாவினதும் விலங்குகளையெல்லாம் அடக்கிய பெருநூல். அதன் எழுத்துப்பகுதி அவர் இறந்த காலத்திலேயே அச்சாகிவிட்டது. படங்களைச் செதுக்கும் பொறுப்பை ஏற்ற ஓவியர் கைஸ்லர், லைப்சிக் நகரிலே பணமுடையால் அச்செப்புத் தகடுகளை அடகு வைத்துவிட்டார். படமின்றி நூலை வெளியிட அறிவியற் கழகம் விரும்பாமையால் அச்சான தாள்கள் ஆண்டாண்டாய்க் கட்டிவைக்கப்பட்டுக் கிடந்தன. விலங்கியலார் வொன் பேயர் லைப்சிக் சென்று தேடித் தகடுகள் இருந்த இடத்தை அறிந்தார். முடிவில், 1831இல், அந்நூல் வெளிவந்தது. அதற்குள் அதில் விவரிக்கப்பட்ட உயிரினங்கள் சிலவற்றுக்குப் பிறர் வேறு பெயர்களை இட்டு முடித்திருந்தனர்.